நிலவொளி நிஞ்சாவுக்கு வண்ணம் தீட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் வண்ணம் தீட்டக் கற்றுக்கொள்ள வருபவர்களில் பலர், முதல் மாதத்திலேயே ஜப்பானியக் கோட்டையின் கூரையில் பதுங்கும் ஒரு நிஞ்சாவையும் அவனுக்குப் பின்னால் ஒரு முழுநிலவையும் வரைந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். பத்தாண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகள் அந்தப் படங்களில் இருப்பதைப் பார்க்கும்போது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. வண்ணம் கோட்டுக்கு வெளியே வழிவது, கோப்பைச் சேமிக்க மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை நாளடைவில் தாமாகவே திருந்திவிடும்.

உடையைச் சுத்தக் கருப்பால் நிரப்புதல்

பணத்தையும் மானத்தையும் ஒருசேர இழக்கவைத்த பிழை என்பதால் இதை நீளமாகவே சொல்கிறேன். 12 பக்கப் படக்கதை ஒன்றில் நிஞ்சாவின் உடை முழுவதையும் நான் சுத்தக் கருப்பால் நிரப்பியிருந்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவைத்துப் பார்த்தபோது அது அற்புதமாகத்தான் இருந்தது. 200 பிரதிகள் அச்சாகி வந்தபோதோ, கூரையின் மேல் ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை மட்டுமே இருந்தது. போதாக்குறைக்கு, அச்சில் பயன்படும் நான்கு மைகளையும் (சியான் என்னும் பசுநீலம், மெஜந்தா என்னும் ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கருப்பு) முழு அளவில் கலந்து அந்தக் கருப்பை உண்டாக்கியிருந்ததால், மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அச்சகத்தாரைக் குறைசொல்ல வழியில்லை. நான்கு மைகளின் சதவீதங்களையும் கூட்டினால் 300ஐத் தாண்டக்கூடாது என்பதை நான்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

சுத்தக் கருப்புக்குக் கீழே இன்னொரு கருப்பு கிடையாது என்பதால், அதில் துணியின் மடிப்பையோ முழங்காலின் வளைவையோ காட்ட இடமே இருப்பதில்லை. துணிக்கு ஆர்ஜிபி அளவில் (திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) 35, 42, 60 போன்ற கருநீலத்தையும், அதன் ஆழ்ந்த மடிப்புகளுக்கு 20, 24, 38 போன்ற ஒன்றையும் வைத்து, நிலவு படும் தோள் விளிம்பில் மட்டும் வெளிறிய சாம்பலை மெல்லிய கோடாக இழுத்தால் உருவம் எழுந்து நிற்கும். அச்சுக்குக் கருப்பே தேவைப்பட்டால் சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 என்று வையுங்கள். மொத்தம் 240தான் வரும். அனுப்புவதற்கு முன் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்து, ஆள் கூரையிலிருந்து பிரிந்து தெரிகிறானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இத்தனைக்கும், நிஞ்சா என்றாலே கருப்புடை என்பதற்குப் பெரிய வரலாற்று ஆதாரம் இல்லை. 1681இல் எழுதப்பட்ட 'ஷோனின்கி' என்னும் உளவுக்கலை நூல், ஊரில் எல்லோரும் உடுத்தும் பழுப்பு, கருநீலம் போன்ற நிறங்களையும் கருப்போடு சேர்த்தே பரிந்துரைக்கிறது. தலைமுதல் கால்வரை கருப்பு என்ற தோற்றம், கபுகி என்னும் ஜப்பானிய மரபு நாடக மேடையில் கண்ணுக்குத் தெரியாதவர்களாகக் கருதப்படும் கருப்புடைப் பணியாளர்களிடமிருந்து வந்திருக்கலாம் என்று சொல்வார்கள்.

பளிச்சிடும் சிவப்புக் கச்சை

மங்கிய ஒளியில் நம் கண்ணின் கூருணர்வு 555 நானோமீட்டர் அலைநீள ஒளியிலிருந்து 507ஐ நோக்கி, அதாவது நீலப்பக்கமாக நகர்கிறது. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்த இந்த விளைவின்படி, இரவில் முதலில் இருண்டுபோவது சிவப்புதான். ஆகவே நிலவொளியில் சிவப்புக் கச்சை கிட்டத்தட்டக் கருப்பாகவே தெரிய வேண்டும். அது சிவந்தே தெரிய வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அருகில் ஒரு காகித விளக்கை ஏற்றிவைக்கட்டும்.

எல்லாவற்றின் மீதும் நீலப் போர்வை

பகல் நிறங்களில் படத்தை முடித்துவிட்டு, மேலே ஒரு நீல மல்டிப்ளை லேயரை (கீழுள்ள நிறங்களோடு பெருக்கி அவற்றை இருளாக்கும் அடுக்கு) விரித்தால் இரவாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். நிலவொளி என்பது சூரிய ஒளியின் எதிரொளிப்பே; அளந்து பார்த்தால் அது வெயிலைவிடச் சற்றுச் செம்மையானதுகூட. நீலம் நம் பார்வையில் பிறப்பது என்பதால், சாம்பலை அடிப்படையாக வைத்து நீலத்தைச் சிட்டிகையளவு சேர்த்தால் போதும்.

நிலவு பின்னால், வெளிச்சம் முகத்தில்

கூடாது.

வானம் நிறைய விண்மீன்கள்

முழுநிலவன்று மங்கலானவை மறைந்துவிடும். ஐந்தாறு புள்ளிகள் போதும்.

செந்நிறக் கூரை

மங்களூர் ஓட்டைப் பார்த்து வளர்ந்த கை, ஜப்பானியக் கோட்டைக்கும் அதே செம்மண் நிறத்தைப் பூசிவிடுகிறது. புகையூட்டிச் சுட்ட அந்நாட்டு ஓடுகளுக்கு வெள்ளி கலந்த சாம்பல் மினுக்கம் உண்டு. நிலவு படும் பக்கத்து ஓட்டு வரிசைகளில் அதைக் காட்டினால், கருநீல உடைக்காரன் அவற்றின் மேல் தானாகவே தெரிவான்.