பாதுகாப்பான தெருக்களுக்கு உள்ளூர் வரி: தீர்மானத்தை எழுதி நிறைவேற்றுவது எப்படி

நடந்து செல்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் அச்சமின்றிப் போய்வரும் தெருக்கள் வேண்டுமானால், ஆண்டுதோறும் தவறாமல் வரும் பணம் அதற்கென்று இருக்க வேண்டும். மேலிருந்து எப்போதாவது வரும் மானியத்தை நம்பித் தொடங்கிய நடைபாதைப் பணி, மானியம் தீர்ந்ததும் பாதியில் நின்றுவிடுகிறது. இதனால்தான் பல நகரங்களில் இந்தப் பணிக்கென்றே ஓர் உள்ளூர் வரியை முன்மொழிந்து, வாக்கெடுப்பின் மூலமாகவோ நகர மன்றத்தின் மூலமாகவோ நிறைவேற்றிக்கொள்கிறார்கள். அத்தகைய முயற்சியில் இறங்குபவர்கள் ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: விவாதம் முழுவதும் வரி விகிதத்தைச் சுற்றியே நடக்கும், ஆனால் பின்னாளில் தெரு எப்படி இருக்கும் என்பதை முடிவுசெய்வது, பணம் எதற்குச் செல்லும் என்று தீர்மானத்தில் எழுதப்படும் சில வாசகங்கள்தான்.

வரியைப் பற்றிப் பேசுவதற்கு முன் தேவையைக் கணக்கிடுங்கள். கடந்த ஐந்தாண்டு விபத்துப் பதிவுகளைக் கேட்டுப் பெற்று, உயிரிழப்பும் கடுமையான காயமும் நேர்ந்த இடங்களை வரைபடத்தில் குறியுங்கள். பெரும்பாலான ஊர்களில் அவை சில தெருக்களிலேயே குவிந்திருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் இவ்வாறு ஆராய்ந்தபோது, அங்கு நடந்து செல்பவர்களுக்கு நேர்ந்த மரணங்களிலும் கடுமையான காயங்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மொத்தத் தெருக்களில் வெறும் 6 சதவீதத்தில் நிகழ்ந்திருந்தது தெரியவந்தது. அப்படியொரு வரைபடம் கையில் இருந்தால், எந்தத் தெருவுக்கு முதலில் செலவிடுவது என்ற கேள்வி செல்வாக்குள்ளவர்களின் கைக்குப் போகாது.

பிறகு அந்த இடங்களுக்கு நேரில் சென்று நில்லுங்கள். ஒரு சந்திப்பின் முனைவரை கார்கள் நிறுத்தப்பட்டிருந்தால், கடக்க வரும் சிறுவனின் தலை காரின் முகப்புக்குப் பின்னால் மறைந்துவிடும். திரும்பும் ஓட்டுநருக்கோ, வண்டியின் முன்பாகம் கடவைக்குள், அதாவது நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் கோட்டுப் பகுதிக்குள், நுழைந்த பிறகுதான் அவன் கண்ணில் படுவான். முனையிலிருந்து ஆறு மீட்டர் தூரத்துக்கு வாகனம் நிறுத்த முடியாதபடி வண்ணம் பூசிக் கம்பங்கள் நடுவது சில நாள் வேலை. அதே இடத்தில் நடைபாதையைக் கான்கிரீட்டில் சாலைக்குள் நீட்டி அமைத்தால், கடக்க வேண்டிய தூரம் குறையும், வாகனங்களும் வேகத்தைக் குறைத்தே திரும்பும். ஆனால் மழைநீர் ஓடும் தடத்தை அந்த நீட்சி மறிப்பதால், வடிகால் வாயை இடம் மாற்ற வேண்டியிருக்கும். செலவு பல மடங்கு உயர்வது பெரும்பாலும் அதனால்தான். எனவே ஒவ்வோர் இடத்துக்கும் உடனடித் தீர்வின் மதிப்பீட்டையும் நிரந்தரத் தீர்வின் மதிப்பீட்டையும் தனித்தனியே எழுதி வையுங்கள்.

எந்த வரி என்பதைச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று பார்த்தே முடிவுசெய்ய முடியும். சொத்து வரியின் மீதான கூடுதல் வரி நிலையான வருவாயைத் தரும். அமெரிக்காவின் சியாட்டில் நகர வாக்காளர்கள் 2015-இல் ஒன்பது ஆண்டுகளுக்கு 93 கோடி டாலருக்கும், 2024-இல் எட்டு ஆண்டுகளுக்கு 155 கோடி டாலருக்கும் இந்த வழியில்தான் ஒப்புதல் அளித்தார்கள். விற்பனை வரி பெருந்தொகையைத் திரட்டும், ஆனால் வருமானம் குறைந்தவர்களை அதிகம் அழுத்தும். அதைத் தேர்ந்தெடுத்தால் பணத்தின் முதல் பங்கு அவர்கள் வாழும் தெருக்களுக்குச் செல்ல வேண்டும் என்பதே நியாயம். அதே நாட்டின் போர்ட்லாந்து நகரம் 2016-இல் ஒரு கேலன் பெட்ரோலுக்கு 10 சென்ட் வரி விதித்து, அதைச் சாலைப் பழுதுபார்ப்புக்கும் தெருப் பாதுகாப்புக்கும் பகிர்ந்தது; மின்வாகனங்கள் பெருகப் பெருக இந்த வருவாய் தேயும். பிரிட்டனின் நாட்டிங்ஹாம் நகரம் 2012 முதல் அலுவலக வாகன நிறுத்த இடங்களுக்குக் கட்டணம் வசூலித்து, அதைப் போக்குவரத்துப் பணிகளுக்கே ஒதுக்குகிறது.

அடுத்து வருவது தீர்மானத்தின் வாசகம். உங்கள் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் செல்ல வேண்டும். “சாலை மேம்பாடு, நடைபாதை உள்ளிட்ட பணிகள்” என்று பொதுவாக எழுதப்பட்ட வரி, தார் போடுவதிலேயே கரைந்துவிடும். யாரும் மோசடி செய்ய வேண்டியதில்லை, பள்ளம் குறித்த புகார்கள் தினமும் வருவதே போதும். ஆகவே நடைக்கும் சைக்கிளுக்கும் உரிய பங்கை, வருவாயில் இத்தனை சதவீதம் என்று எண்ணிக்கையாகவே எழுதுங்கள். ஏற்கெனவே செலவிடப்பட்டுவரும் தொகையைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தை இந்த வரிப் பணத்தால் நிரப்பக் கூடாது என்ற தடையும் சேர வேண்டும். பராமரிப்புக்குத் தனிப் பங்கு இல்லையென்றால், அழிந்த கடவைக் கோடுகளும் பெயர்ந்த நடைபாதைக் கற்களும் சில ஆண்டுகளிலேயே பழைய நிலையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஒரு தெருவுக்குப் புதிதாகத் தார் போடும்போதே அங்கு திட்டமிடப்பட்ட கடவையும் சைக்கிள் தடமும் அமைக்கப்பட வேண்டும் என்ற விதியையும் விட்டுவிடாதீர்கள். லாஸ் ஏஞ்சலிஸ் வாக்காளர்கள் 2024 மார்ச்சில் இதையே தம் நகரத்தின் மீது கட்டாயமாக்கினார்கள்.

வரிக்கு முடிவுத் தேதி வைப்பதா என்பதில் ஆர்வலர்களுக்குள் எப்போதும் கருத்து வேறுபாடு உண்டு. கலிபோர்னியாவின் அலமேடா மாவட்டம் 2012-இல் காலவரையறையற்ற போக்குவரத்து விற்பனை வரியை முன்மொழிந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்ட அந்த வாக்கெடுப்பில் 66.53 சதவீதம் கிடைத்து, மயிரிழையில் தோற்றது. 2014-இல் 2045-ஆம் ஆண்டோடு முடியும்படி மாற்றி மறுபடி கொண்டுவந்தபோது 70 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு பெற்று நிறைவேறியது. தேதி ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. இருந்தாலும், தயங்கி நிற்கும் வாக்காளரிடம் பேசும்போது முடிவுத் தேதி பெரும் துணை என்பது என் கருத்து.

வாக்குறுதிகளில் அளவு காத்துக்கொள்ளுங்கள். ஆதரவு திரட்டும் வேகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு திட்டத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் ஆசை வரும். சியாட்டிலின் 2015 வரியில், எழுதப்பட்ட திட்டங்களுக்குப் பணம் போதாது என்று 2018-இல் நகரமே ஒப்புக்கொண்டு, பட்டியலைத் திருத்தி அமைக்க நேர்ந்தது. கட்டுமானச் செலவு ஆண்டுதோறும் ஏறும் என்று கணக்கிட்டு, எதிர்பாராச் செலவுக்கென ஒரு தொகையையும் விட்டு வையுங்கள்.

வரி நிறைவேறியதும் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினர்களில் சக்கர நாற்காலியில் செல்பவர், பள்ளிக்குப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிச்செல்பவர், தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் ஆகியோர் இருக்க வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டு சென்டிமீட்டர் விளிம்பே நாற்காலியின் முன்சக்கரத்தைத் தடுத்துவிடும் என்பது வரைபடத்தில் தெரியாது, அதில் அமர்ந்து செல்பவருக்குத் தெரியும். செலவுக் கணக்கும் பணி நிலவரமும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தெருவாரியாக வெளியாக வேண்டும். முதல் ஆண்டில் வண்ணமும் கம்பமும் போதுமான இடங்களை முடித்துவிட்டு, வடிகாலை மாற்ற வேண்டிய சந்திப்புகளுக்கான வடிவமைப்பை அதே ஆண்டில் தொடங்கச் சொல்லுங்கள்.