பழைய ஆன்டெனா டவரில் ஒரு சின்னக் காற்றாலை

1982ல் ரூபவாஹினி தொடங்கிய பிறகு ராமநாதபுரம், தூத்துக்குடி கடற்கரை ஊர்களில் இலங்கை டிவி பார்ப்பதற்காகவே உயர உயரமாக ஆன்டெனா நட்டார்கள். அதில் மிச்சமிருக்கும் மூன்று கால் டவர் உங்கள் வீட்டில் தரையில் நின்றால், பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள், அதில் ஒரு சின்னக் காற்றாலை விசிறி ஏற்றலாம். மொட்டை மாடியில் நிற்பது வேண்டாம், விசிறியின் அதிர்வு சுவர் வழியாக வீட்டுக்குள் இறங்கும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆன்டெனா காற்றை விட்டுவிடும், சுற்றுகிற விசிறியோ முழு வட்டத் தகடு மாதிரி காற்றைத் தடுக்கும். 1.5 மீட்டர் விட்டமுள்ள விசிறியை மணிக்கு 43 கி.மீ. காற்று சுமார் 13 கிலோ விசையோடு தள்ளும், பலத்த காற்றில் விசிறியைக் காற்றுக்கு நேராக இல்லாமல் திருப்பிவிடும் வால் மடங்காமல் போனால் 108 கி.மீ. புயலில் அது 80 கிலோவாகும், அதுவும் டவரின் உச்சியில். அதனால் இந்த அளவுக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

அடிக்காலைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கிண்ணென்று கேட்டால் சரி, டொக்கென்றால் உள்ளே துரு. என் டவரில் பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது, சந்தேகப்பட்டு ஒரு காலில் துளை போட்டதும் டீ நிறத்தில் தண்ணீர் கொட்டியது, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது. அந்தத் துண்டை மொத்தமாக மாற்றினேன். ஒட்டு வெல்டிங் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள்.

டவரை இழுத்துப் பிடிக்கும் பழைய ஸ்டே கம்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டு மூன்று திசையிலும் புதிது கட்டுங்கள், கான்கிரீட்டில் ஆங்கர் போட்டு. தென்னை மரத்தில் கட்டவே கூடாது, மரம் ஆடும், கம்பி தளரும். உச்சியில் 2 அங்குல சி கிளாஸ் (கனமான ரகம்) ஜிஐ பைப்பைச் சொருகி, வெளியே எவ்வளவு நீட்டுகிறதோ அவ்வளவாவது டவருக்குள் இறக்கி இரண்டு இடத்தில் கிளாம்ப் போடுங்கள். ஸ்டே கட்டும் இடம் இறக்கை நுனிக்குக் கீழே இருக்க வேண்டும், பலத்த காற்றில் இறக்கை வளையும் என்பதால் தாராளமாகவே இடம் விடுங்கள்.

உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சுற்றிலும் 100 மீட்டருக்குள் இருக்கும் மரம், வீடு எல்லாவற்றையும் விட விசிறியின் அடி நுனி 9 மீட்டராவது மேலே இருக்கட்டும். காற்று வினாடிக்கு 4 மீட்டரிலிருந்து 5 ஆனாலே அதிலுள்ள ஆற்றல் கிட்டத்தட்ட இரு மடங்கு.

வயரிங்கில், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், அப்புறம்தான் விசிறி. பேட்டரி நிறைந்தால் மின்சாரம் போக டம்ப் லோடு, அதாவது மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் சுமை வேண்டும், இல்லாவிட்டால் விசிறி சுமையில்லாமல் தறிகெட்டுச் சுற்றும். இடிதாங்கி எர்த்தையும் மறக்காதீர்கள்.

அடியில் கீல் வைத்து டவரைச் சாய்க்கும்படி செய்துவிடுங்கள், சாயும் தூரத்துக்குள் மின்கம்பி இருக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்று செய்தி வந்ததும், காற்று வலுக்கும் முன்பே விசிறியிலிருந்து வரும் மூன்று பேஸ் வயரையும் ஒன்றோடொன்று சேர்த்து ஷார்ட் செய்து விசிறியை நிறுத்தி, டவரைப் படுக்க வையுங்கள். காற்று ஏறிய பிறகு ஷார்ட் செய்தால் விசிறி நிற்காமல் காயில் கருகிவிடும்.