எஸ்டிஏ என்பது யாருடைய எஸ்டிஏ? லினக்ஸ் குழுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்தது. சரி, விண்டோஸ் 11 ஏற்றலாம் என்று பார்த்தால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கிறது, ஓரளவு புதிய பிராசஸரும் கேட்கிறது. பழைய லேப்டாப்கள் பலவற்றில் இரண்டும் கிடையாது. அதனால் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைத் தேடி, புதுச்சேரியில் எங்கள் லினக்ஸ் பயனர் குழு கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் புதுமுகங்கள் நிறைய. கடலூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். நல்ல விஷயம்தான்.

வருகிறவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று பார்த்தால், குழுவின் பழைய ஆட்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். எல்லாம் நாங்களும் ஒரு காலத்தில் இடறிய அதே இடங்கள். பாஸ்வேர்டை மறப்பது, பேக்கப் எடுக்காமல் விடுவது இவற்றையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் செய்வார்கள். சொன்னாலும் புரியாமல் போகிற சில தவறுகள் இருக்கின்றன. அவற்றில் பாதியைச் செய்வது புதியவர்கள்கூட இல்லை, உதவ வருகிறவர்கள்.

"வைஃபை வரல அண்ணா"

இந்த மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்த லேப்டாப், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, நேற்று வரை வந்ததா, முதலிலிருந்தே வரவில்லையா என்று சொல்ல வேண்டும். டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே ஆப்ஷனோடு ஓட்டினால் வைஃபை சில்லின் பெயர், அதன் அடையாள எண், எந்த டிரைவர் (சில்லை இயக்கும் மென்பொருள்) அதைப் பிடித்திருக்கிறது என்ற மூன்றும் வந்துவிடும். பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கும்.

ஓர் உதாரணம். ரியல்டெக் 8723பிஇ சில்லு உள்ள சில லேப்டாப்களில் ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். சில்லில் ஆன்டெனாவுக்கு இரண்டு இணைப்புகள் இருக்க, லேப்டாப்பில் ஒரே ஆன்டெனாவை மாட்டியிருப்பார்கள்; டிரைவர் மற்ற இணைப்பில் தேடிக்கொண்டிருக்கும். டிரைவரின் ஆன்ட்-செல் அளவுருவுக்கு 1 அல்லது 2 கொடுத்தால் தீர்ந்தது. சில்லின் பெயர் தெரியாமல் இதை யாராலும் சொல்ல முடியாது. "மறுபடி இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க" என்றுதான் சொல்வார்கள், நீங்களும் ஒரு மாலையை வீணாக்குவீர்கள்.

திரையைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு ஒன்று: கடைசி இரண்டு வரியை மட்டும் எடுக்காதீர்கள். பிழை தொடங்கிய இடம் மேலே இருக்கும். வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து முழுதாக அனுப்புங்கள்.

வேறொருவர் கம்ப்யூட்டருக்கான கட்டளையை அப்படியே அடிப்பது

இதைத்தான் விரிவாக எழுத வேண்டும். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வருகிற பையன் ஒருவன். அவனுடைய மாமா ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்பார். ஸ்டூடியோவின் பழைய டெஸ்க்டாப்பில் ஏற்கெனவே லினக்ஸ் வகைகளில் ஒன்றான மிண்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு கம்ப்யூட்டரிலும் போட வேண்டும், அதற்குப் பென்டிரைவை எப்படித் தயார் செய்வது என்று குழுவில் ஒருவரிடம் கேட்டான். கேட்கப்பட்டவர் விஷயம் தெரிந்தவர். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே, மிண்டின் நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) வட்டில் அப்படியே எழுதுகிற டிடி கட்டளையை ஒரே வரியாக வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பிவிட்டார். எழுத வேண்டிய வட்டு என்று அதில் இருந்தது எஸ்டிஏ.

அவருடைய லேப்டாப்பில் அது முழுக்கச் சரி. புது லேப்டாப், உள்ளே இருப்பது என்விஎம்இ எஸ்எஸ்டி. லினக்ஸ் அதற்கு என்விஎம்இ0என்1 என்று தனியாகப் பெயர் வைக்கும். எஸ்டி என்று தொடங்கும் பெயர்கள் சாட்டா வட்டுகளுக்கும் யூஎஸ்பி வட்டுகளுக்கும் பொது. லினக்ஸின் மையமான கர்னல் கண்டுபிடிக்கிற வரிசையில் ஏ, பி, சி என்று போகும். அவர் லேப்டாப்பில் சாட்டா வட்டே இல்லாததால் செருகுகிற முதல் பென்டிரைவ் எஸ்டிஏ ஆகிவிடும். ஸ்டூடியோவில் இருந்ததோ சாட்டா ஹார்ட்டிஸ்க். அங்கே எஸ்டிஏ என்றால் ஹார்ட்டிஸ்க், பென்டிரைவ் எஸ்டிபி.

டிடி "நிச்சயமா?" என்று கேட்காது. சூடோ (நிர்வாகி உரிமை) பாஸ்வேர்டைக் கொடுத்தால் எழுத ஆரம்பித்துவிடும். கிட்டத்தட்ட 3 ஜிபி ஐஎஸ்ஓ கோப்பு ஹார்ட்டிஸ்க்கின் முன்பகுதியில் போய் உட்கார்ந்தது. வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை போயிற்று, பூட் பகுதி போயிற்று, மிண்ட் இருந்த பார்ட்டிஷனின் தொடக்கமும் போயிற்று. பென்டிரைவின் விளக்கு ஒரு தடவைகூட மின்னவில்லை. அதை அவன் பார்த்திருக்கிறான். விலை குறைந்த பென்டிரைவ், விளக்கு எரியாது போல என்று விட்டுவிட்டான்.

அடுத்து நடந்ததுதான் பலருக்கும் தெரியாத விஷயம். மிண்ட் ஐஎஸ்ஓவை எந்த வட்டில் எழுதினாலும் அந்த வட்டு பூட் ஆகும், ஹார்ட்டிஸ்க்கும் விதிவிலக்கில்லை. ரீஸ்டார்ட் செய்ததும், நிறுவாமலே ஓடுகிற லைவ் மிண்ட் பளிச்சென்று வந்து நின்றது. பென்டிரைவ் தயார் என்று சந்தோஷமாக அதைக் கழற்றினான். கழற்றிய பிறகும் மிண்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியிருக்கிறது.

அந்த நிமிடத்தில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் தூக்கி வந்திருந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம். அந்த வட்டு ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்டது. ஜிபிடி தன் அட்டவணையின் இன்னொரு பிரதியை வட்டின் கடைசியில் வைத்திருக்கும். ஜிடிஸ்க் என்ற கருவியால் அதை முன்னால் கொண்டுவந்துவிடலாம். மிண்ட் பயன்படுத்தும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையும் தன் சூப்பர்பிளாக்கின் (தன்னைப் பற்றிய அடிப்படைத் தகவலின்) நகல்களைப் பார்ட்டிஷனில் பல இடங்களில் வைத்திருக்கும். 3 ஜிபிக்கு அப்பால் இருந்தவற்றுக்கு எந்தக் காயமும் இல்லை. சில கோப்புறைகளின் பெயர்கள் போயிருக்கும், அவ்வளவுதான்.

பயந்தவன் சும்மா இருப்பானா? விண்டோஸ் போட்டால் பழைய கோப்புகள் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விண்டோஸ் இன்ஸ்டாலருக்குத் தெரிந்ததோ உபயோகமில்லாத ஏதோ பார்ட்டிஷன்களும் நிறையக் காலி இடமும்தான். எல்லாவற்றையும் அழித்து, முழு வட்டையும் ஒரே பார்ட்டிஷனாக்கி நிறுவிவிட்டான். கடைசியில் இருந்த அட்டவணைப் பிரதியும் அதோடு போனது, மேலே பல ஜிபிக்குப் புதிய கோப்புகள் ஏறின.

இனி மிச்சம், தொலைந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் ஒன்றுதான். அது அட்டவணை, கோப்புப் பெயர் எதையும் பார்க்காது. வட்டை வரிசையாகத் துழாவி, ஜேபெக் தொடக்கம் மாதிரி எதைக் கண்டாலும் வெளியே எடுத்துப் போடும். படங்கள் வந்தன. ஆனால் எல்லாப் பெயரும் எஃப் என்ற எழுத்தும் நீளமான எண்ணும். கேமரா படத்துக்குள் பதிந்து வைத்த தேதியை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பிரித்தோம். முகூர்த்த நாளில் மாமாவின் ஆட்கள் இரண்டு கல்யாணம் எடுப்பார்களாம். அந்த நாட்களில் இரண்டு ஜோடியும் ஒரே கோப்புறையில் கலந்து நின்றார்கள். குழுவில் ஆளுக்கு ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மாமா பின்னால் நடந்துகொண்டே, "இது மஞ்சக்குப்பம் மண்டபம்... அது ஓ.டி. மண்டபம், அந்தத் தோரணம் பாருங்க" என்று சொல்லச் சொல்லப் பிரித்தோம். யார் வீட்டுக் கல்யாணத்தில் என்ன சாப்பாடு என்பது வரை அன்று தெரிந்துகொண்டோம். படங்களில் பெரும்பாலானவை கிடைத்தன. வடிவமைத்து வைத்திருந்த ஆல்பங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் போனதுதான்.

எனக்கு எரிச்சல் பையன்மேல் இல்லை. கட்டளை அனுப்பியவர் கடைசியில் சொன்னது "பார்த்து அடிக்க வேண்டாமா?" என்பது. எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லையே. கேட்டவனுக்கு எஸ்டிஏ என்பது ஒரு பெயர் என்றே தெரியாது, கட்டளையின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டான். பத்து வருட அனுபவம் உள்ளவருக்கு ஒரு கேள்வி கேட்க நேரமில்லை.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? பென்டிரைவைச் செருகுவதற்கு முன், வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஒரு தடவை ஓட்டுங்கள். செருகிய பிறகு இன்னொரு தடவை. புதிதாக முளைத்த வரிதான் உங்கள் பென்டிரைவ். அளவு பொருந்துகிறதா பாருங்கள். ட்ரான் என்ற நெடுவரிசையையும் கேட்டு வாங்கினால் யூஎஸ்பியா, சாட்டாவா, என்விஎம்இயா என்று அதுவே சொல்லும். இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் டெவ் கோப்புறைக்குள் டிஸ்க், அதற்குள் பை-ஐடி என்று போங்கள். அங்கே யூஎஸ்பி வட்டுகளின் பெயர் யூஎஸ்பி என்றே தொடங்கும், கூடவே தயாரிப்பும் வரிசை எண்ணும் இருக்கும். ரீஸ்டார்ட் செய்தாலும் அந்தப் பெயர் மாறாது.

உண்மையைச் சொன்னால், புதியவர்களுக்கு டிடியே தேவையில்லை. மிண்டிலேயே யூஎஸ்பி இமேஜ் ரைட்டர் இருக்கிறது. பென்டிரைவ்களை மட்டும்தான் காட்டும். விண்டோஸில் இருப்பவர்களுக்கு ரூஃபஸ் போதும். குழுவுக்கு வென்டாய் இன்னும் வசதி: ஒரு தடவை பென்டிரைவில் போட்டுவிட்டால் அப்புறம் ஐஎஸ்ஓ கோப்புகளைச் சாதாரணமாகக் காப்பி செய்தால் போதும், பூட் ஆகும்போது எது வேண்டும் என்று அது கேட்டுக்கொள்ளும். டிடி தெரிந்தால்தான் லினக்ஸ்காரர் என்று எவரும் சட்டம் போடவில்லை.

இப்போது எங்கள் குழுவில் ஒரு வழக்கம். கேட்பவர் எல்எஸ்பிஎல்கே வெளியீட்டை அனுப்பாதவரை வட்டில் எழுதுகிற கட்டளையை யாரும் தருவதில்லை. மறந்து தருகிறவர் அந்த வாரம் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும்.

புயல் எச்சரிக்கை நாளில் அப்கிரேட்

நம் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகை என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், இரண்டும் இந்தப் பக்கம்தான் கரையேறின. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அப்படிப்பட்ட நாளில் வெர்ஷன் அப்கிரேடைத் தொடங்காதீர்கள்.

பாதியில் கரண்ட் போய்விட்டதா? மறுபடி இன்ஸ்டால் செய்ய ஓடாதீர்கள். மென்பொருள்களை நிறுவுகிற டிபிகேஜி கட்டளையை கான்ஃபிகர், ஏ ஆப்ஷன்களோடு ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்கப்புறம் மென்பொருள் நிர்வாகியான ஏபிடியிடம் உடைந்த சார்புகளை (ஒரு மென்பொருளுக்குத் தேவையான மற்றவற்றை) சரிசெய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும். லாக் (பூட்டு) கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் லாக் கோப்பை அழிக்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். வேண்டாம். பின்னால் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

சிஎச்மாட் 777 கொடுத்து எல்லோருக்கும் எல்லா அனுமதியும் திறந்துவிடுவது

வேண்டாம்.

பிட்லாக்கர் சாவி இல்லாமல் பயாஸில் கை வைப்பது

புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் வட்டு ஏற்கெனவே பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டித்தான் வருகிறது, வாங்கியவருக்கே தெரியாது. லினக்ஸ் போடுவதற்காகப் பயாஸில் (கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்புகளில்) செக்யூர் பூட்டை மாற்றியதும் அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு, லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரர் அவசரத்தில் தொடங்கிக் கொடுத்ததாக இருந்தால் கதை முடிந்தது. முதலில் சாவியை ஒரு தாளில் எழுதுங்கள், அப்புறம் பயாஸ்.

கூடவே விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் உண்மையான ஷட்டவுன் இல்லை. லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனில் எழுத முடியாமல் போகும்.

விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போவது

லேப்டாப்பின் பேட்டரி சாகவில்லை. போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை இந்திய நேரமாகப் படிக்கும். டைம்டேட்சிடிஎல் கட்டளையில் லோக்கல் ஆர்டிசியை 1 ஆக்குங்கள்.

வானவில்லில் அடித்த பழைய கோப்பு

எழுத்துகள் குழம்பித் தெரிந்தால், லிப்ரெஆபிஸ் கெடுக்கவில்லை. வானவில் பழைய எழுத்துரு, அதில் அடித்தது யூனிகோடே இல்லை. மாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கீபோர்டைப் பிடுங்குவது

இது முழுக்க உதவுகிறவர்களுக்கு. லாஸ்பேட்டையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும் என்று வந்தார். எங்கள் ஆள் ஒருவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, படபடவென்று தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, "ஆச்சு டீச்சர்" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த கூட்டத்துக்கு டீச்சர் அதே லேப்டாப்போடு வந்தார். மொழியை எப்படி மாற்றுவது என்றே தெரியவில்லை. சூப்பர் விசையும் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்ல எங்கள் ஆளுக்குப் பொறுமை இருக்கவில்லை. இரண்டாம் தடவை டீச்சரோடு உட்கார்ந்த எங்கள் குழுப் பெண் கையைக் கட்டிக்கொண்டு, செட்டிங்ஸ் திறப்பதிலிருந்து எல்லாவற்றையும் டீச்சரையே செய்யவைத்தார். நேரம் அதிகம் ஆனது. நடுவில் டீச்சர் அவரையே "சீக்கிரம் சொல்லும்மா" என்று அதட்டினார். அதற்குப் பிறகு இந்த விஷயத்துக்காக டீச்சர் வரவில்லை. வேறு விஷயத்துக்காக வருகிறார்.

உபுண்டுவா, ஃபெடோராவா, ஆர்ச்சா

எந்த லினக்ஸ் நல்லது என்ற சண்டை, கூட்டம் முடிந்த பிறகு, வெளியே, டீக்கடையில்.

சார்ஜர் இல்லாமல் வருவது

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்களிடம் நிறைய இருக்கிறது. உங்கள் லேப்டாப்பின் மெல்லிய பின்னுக்குப் பொருந்துகிற சார்ஜர் இல்லை. பேட்டரி 9 சதவீதத்தில் இருக்கும்போது பார்ட்டிஷனைச் சுருக்கச் சொன்னால் நாங்கள் மாட்டோம் என்றுதான் சொல்வோம்.