புதிய பாகம் வாங்கும் முன்: ஸ்போர்ட் டூரிங் பைக் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்போர்ட் டூரிங் பைக்கிடம் நாம் இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறோம். வளைவுகளில் அது ஸ்போர்ட்ஸ் பைக்கைப் போலத் திரும்ப வேண்டும். பின்னால் ஒருவரையும் இருபுறமும் பெட்டிகளையும் சுமந்துகொண்டு ஒரே நாளில் 500 கிலோமீட்டர் ஓடவும் வேண்டும். 200 கிலோவைத் தாண்டும் எடையும், மணிக்கணக்கில் நீடிக்கும் வேகமும், ஏற்றிய சுமையும் ஒன்று சேர்வதால், வீட்டில் செய்த சிறு பிழை தெருமுனையில் தெரிவதில்லை. வெகுதூரம் போன பிறகுதான் தெரிகிறது. போதாக்குறைக்கு, இவ்வகை வண்டிகளின் ஃபேரிங் (எஞ்சினைச் சுற்றியுள்ள வெளி உறை), கசிவையும் துருவையும் உரசிய வயரையும் கண்ணில் படாமல் மூடிவைக்கிறது.

நான் பார்த்தவரை எல்லாத் தவறுகளுக்கும் வேராக இருப்பது ஒன்றுதான்: பராமரிப்பை முடிக்காமலே மேம்பாட்டைத் தொடங்குவது. வண்டி வளைவில் அலைகிறது என்று ஒருவர் புதிய பின்பக்க ஷாக் அப்சார்பர் வாங்குகிறார். ஆனால் அவருடைய டயரில் காற்று 6 பிஎஸ்ஐ குறைவாக இருக்கிறது, ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கால்கள்) ஆயில் பல ஆண்டுகளாக மாற்றப்படவில்லை, ஸ்டியரிங் பேரிங்கில் பள்ளம் விழுந்திருக்கிறது. புதிய ஷாக்கைப் பொருத்தியதும் சற்று நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையான குறை உள்ளேயே இருக்கும். முதலில் வண்டியைத் தயாரிப்பாளர் வகுத்த நிலைக்குக் கொண்டுவந்து, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, அதன் பிறகும் குறை தெரிந்தால் மட்டுமே பாகம் வாங்க வேண்டும். ஸ்டியரிங் பேரிங்கைச் சோதிப்பது எளிது: முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை இரு விரல்களால் மெல்லத் திருப்பினால் போதும். நேர்நிலையைக் கடக்கும்போது லேசாகச் சிக்கி விடுபட்டால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

டயரைப் பொறுத்தவரை, பக்கவாட்டுச் சுவரில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவே தவிர, உங்கள் வண்டிக்கான பரிந்துரை அன்று. 17 அங்குலச் சக்கரங்கள் கொண்ட பல ஸ்போர்ட் டூரிங் வண்டிகளுக்குக் கையேடு முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ என்று சொல்கிறது. டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு அது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருப்பதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

செயினில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. ஒரே இடத்தில் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, தொய்வாக இருக்கிறதென்று இறுக்கிவிடுவார்கள். எந்தச் செயினும் சீராகத் தேய்வதில்லை. பின்சக்கரத்தை மெல்லச் சுற்றி, கால் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி அளந்து பாருங்கள்: ஓரிடத்தில் 40 மில்லிமீட்டர் அசையும் செயின் இன்னோரிடத்தில் 25 மட்டுமே அசையலாம். மிக இறுக்கமான அந்த இடத்தை வைத்துத்தான் தொய்வைச் சரிசெய்ய வேண்டும். மேலும், பின்சக்கரம் மேலே எழும்போது கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடும் பற்சக்கரம்) பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மூட்டும் பின் ஆக்ஸிலும் ஒரே நேர்கோட்டில் வரும் கணத்தில் செயின் உச்ச இறுக்கத்தை அடைகிறது. வெறும் வண்டியில் கச்சிதமாகத் தெரிந்த செயின், பின்னால் ஆள் அமர்ந்து பெட்டியும் ஏறியதும் கியர்பாக்ஸ் பேரிங்கைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். சற்றுத் தளர்ந்த செயினைவிட இறுகிய செயின் அதிகக் கேடு செய்யும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி அளப்பதா, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி அளப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறுவதால், அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இக்காலச் செயின்களில் ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் வளையங்கள் கிரீஸை உள்ளே அடைத்து வைத்திருக்கின்றன. பெட்ரோலால் கழுவினால் அந்த வளையங்கள் கெடும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் கிழியும். கிரீஸ் வெளியேறிவிட்டால் மேலே எத்தனை முறை எண்ணெய் விட்டாலும் பயனில்லை. மண்ணெண்ணெயும் மென்மையான தூரிகையும் போதும். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் சக்கரம் தானாகச் சுழலும்போது செயினைத் துடைப்பது மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். துணி ஸ்ப்ராக்கெட்டில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமிருக்காது. விரல்கள் துண்டான விபத்துகள் இப்படித்தான் நடந்திருக்கின்றன. யமஹா எஃப்ஜேஆர்1300, பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஆர்டி போன்ற ஷாஃப்ட் டிரைவ் (செயினுக்குப் பதிலாகச் சுழலும் தண்டு) வண்டிகளுக்கு இந்த வேலை இல்லை. ஆனால் பின்சக்கரக் கியர் ஆயிலை மாற்ற மறந்துவிடுவது அவற்றின் சொந்தக்காரர்களிடம் நான் காணும் வழக்கம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் திரவம். அதன் தரக் குறியீடுகளில் ஒன்றான டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, சுமார் 3.7 சதவீதம் நீர் கலந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். சுமையுடன் மலைப்பாதையில் இறங்கும்போது காலிப்பர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) அந்தச் சூட்டை எட்டினால், திரவம் ஆவியாகி லீவர் தளர்ந்துபோகும். ஆகவே ஓடிய தூரம் குறைவாக இருந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. டாட் 5.1, டாட் 5 என்ற பெயர்களின் ஒற்றுமையைக் கண்டு ஏமாறக் கூடாது. முதலாவது டாட் 4 குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டாவது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பேட் தேயத் தேய மேலே உள்ள குப்பியில் திரவ மட்டம் இறங்குவது இயல்பு. அதைக் கண்டு விளிம்புவரை நிரப்பிவிட்டால், புதிய பேட் போட்டுப் பிஸ்டன்களை உள்ளே தள்ளும்போது திரவம் வழிந்து டேங்கின் பெயின்டை அரித்துவிடும். பிஸ்டன்களைத் தள்ளுவதற்கு முன் சோப்பு நீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு அவற்றின் பக்கங்களைக் கழுவ வேண்டும். இல்லையென்றால் கருப்பாக ஒட்டியிருக்கும் பேட் தூள் நேரே சீலுக்குள் போகும்.

போல்ட்டுகளில் கைப்பழக்கத்தை நம்பக் கூடாது. எஞ்சின் கூடும் காலிப்பர் பொருந்தும் இடமும் அலுமினியம். அதில் மரை போய்விட்டால் வேலை பல மடங்காகப் பெருகும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும் என்பதைப் பலர் டார்க் ரெஞ்சை (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) முதன்முறை பிடிக்கும்போதுதான் உணர்கிறார்கள். கையேட்டில் உள்ள அளவு பொதுவாக உலர்ந்த மரைக்கானது. கிரீஸ் தடவிவிட்டு அதே அளவுக்கு இறுக்கினால் போல்ட் தேவைக்கு மேல் இழுபடும். முன்சக்கரத்தைக் கழற்றும்போது, வண்டியை ஸ்டாண்டில் தூக்குவதற்கு முன்பே ஆக்ஸில் நட்டைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு பலம் கொடுத்தால் வண்டி சாய்ந்துவிடக்கூடும். திரும்பப் பூட்டும்போது, ஃபோர்க் காலில் உள்ள பிடிப்புப் போல்ட்டுகளை இறுக்குமுன் சக்கரத்தைத் தரையில் ஊன்றி, முன்பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கைச் சில முறை அமுக்கி எடுங்கள். அந்த அமுக்கலில்தான் இரு கால்களும் ஆக்ஸிலில் தமக்குரிய இடத்தில் அமர்கின்றன. அதன் பின் பிரேக் லீவர் கெட்டிப்படும்வரை பிடித்துப் பிடித்து விட வேண்டும். இல்லாவிட்டால் தெருவில் இறங்கி முதன்முதலாகப் பிடிக்கும் பிரேக், பிடிக்காது.

எஞ்சின் ஆயிலில், கிளட்ச் அதே எண்ணெயில் மூழ்கி இயங்கும் வண்டிகளுக்கு ஜாசோ என்ற ஜப்பானியத் தரநிலையின் எம்ஏ அல்லது எம்ஏ2 குறியீடு உள்ளதையே ஊற்ற வேண்டும். எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் கார் ஆயில்கள் கிளட்சை வழுக்கவைக்கலாம். வால்வு இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடம்) பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: சத்தம் வரவில்லையே, எதற்குப் பிரிக்க வேண்டும் என்பார்கள். இந்த எஞ்சின்களில் இடைவெளி பெரும்பாலும் குறைந்துகொண்டே போகும். குறையக் குறையச் சத்தமும் அடங்கும். எஞ்சின் முன்னைவிட அமைதியாக ஓடுவதே, வால்வு முழுமையாக மூடாமல் கருகப்போவதன் அறிகுறியாக இருக்கலாம்.

மேம்பாடு என்றதும் பலர் முதலில் கை வைப்பது கூடுதல் விளக்குகளில். 55 வாட் ஹாலோஜன் விளக்குகள் இரண்டைச் சேர்த்தால் 110 வாட். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 9 ஆம்பியர். ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனை ஓடும் வேகத்தில்தான் தரும். நெரிசலில் நிற்கும்போது ரேடியேட்டர் விசிறியும் சூடேற்றும் கைப்பிடியும் சேர்ந்தால், மீதித் தேவையைப் பேட்டரிதான் சுமக்கும். எல்இடி விளக்குகளைத் தேர்ந்தெடுத்து, ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வழியாக, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் வைத்து இணைக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது விளக்கை அன்று, வயரை. அது விளக்குக்குப் பக்கத்தில் இருந்தால், வழியில் எங்கே வயர் உரசினாலும் காப்பு இல்லை. நான் ஒருமுறை வயரை ஸ்டியரிங் தலைக்கு அருகே ஃபிரேமோடு இறுக்கிக் கட்டிவிட்டேன். ஹேண்டில்பார் முழுதாகத் திரும்பும்போதெல்லாம் அது இழுபட்டு, சில மாதங்களில் உறை தேய்ந்து, பச்சை பூத்த செம்பு வெளியே தெரிந்தது. ஓர் இரவில் ஃபியூஸ் போய் விளக்குகள் அணைந்தன. கட்டுவதற்கு முன் ஹேண்டில்பாரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருப்பி, வயரின் மேல் விரலை ஓடவிட்டுப் பார்த்திருந்தால் அந்த இழுப்பு தெரிந்திருக்கும்.

ஹேண்டில்பாரை உயர்த்தும் துண்டுகளைப் பொருத்துபவர்களுக்கும் இதே சோதனை தேவை. முழுதாகத் திருப்பும்போது பிரேக் ஹோஸ் விறைக்கக் கூடாது. கேபிளால் இயங்கும் திராட்டில் என்றால், எஞ்சினை ஓடவிட்டுத் திருப்பும்போது அதன் வேகம் ஏறக் கூடாது.

பின்பெட்டி, பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், உயரத்தில் அமர்கிறது. அதில் கனமான பொருளை வைத்தால் முன்சக்கரத்தின் பாரம் குறைந்து, வேகத்தில் வண்டி பாம்புபோல நெளியத் தொடங்கும். பல தயாரிப்பாளர்கள் அதற்கு 5 முதல் 10 கிலோ வரைதான் அனுமதிக்கிறார்கள். கருவிகள், பூட்டு, தண்ணீர் எல்லாம் பக்கப் பெட்டிகளின் அடியில் இருக்கட்டும்.

சுமை ஏற்றுவதற்கு ஏற்ப ஸ்பிரிங் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் அளவு) கூட்ட வேண்டும். அது ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவதில்லை. தாழ்ந்த பின்பகுதியை உரிய உயரத்துக்கு ஏற்றுகிறது. ஓட்டுபவர் அமர்ந்ததும் சஸ்பென்ஷன் 30 முதல் 40 மில்லிமீட்டர் அமிழ்வது சாலைப் பயன்பாட்டுக்குப் பொருத்தமான தொடக்கம். சஸ்பென்ஷன் அசையும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பிங் திருகை முழுவதும் மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்தீர்கள் என்று எழுதிவைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பயணம் முடிந்து பெட்டிகளைக் கழற்றிய பிறகு பிரீலோடு குமிழைப் பழைய எண்ணிக்கைக்குத் திருப்ப மறந்தால், பின்பகுதி உயர்ந்தபடியே நிற்கும். ஸ்டியரிங் அவசரப்பட்டுத் திரும்பும், ஹெட்லைட்டின் ஒளியும் சாலையில் மிக அருகே விழும்.