இண்டி பாடகரா நீங்க? பயோ எழுதுறது இப்படி

சொந்தமா பாட்டு எழுதிப் பாடுறவங்க பயோ (உங்களப் பத்தின சின்ன அறிமுகம்) எழுத உக்காந்தா "சின்ன வயசுல இருந்தே இசைன்னா உயிர்"னு ஆரம்பிக்காதீங்க, எல்லாரும் அதத்தான் எழுதுறாங்க, படிக்கிறவங்க அங்கயே தாண்டிப் போயிடுவாங்க. பாட்டு கேக்க எப்படி இருக்கும்னு முதல் வரியிலயே சொல்லிடுங்க.

"ஆல்டர்நேட்டிவ்"னு மட்டும் போட்டா ஒண்ணும் புரியாது, 1980கள்ல பெரிய மியூசிக் கம்பெனிகளுக்கு வெளிய வளர்ந்த ராக்குக்கு ஒட்டிக்கிட்ட பேரு அது, இப்போ எது வேணா அதுக்குள்ள வந்துடுது. அதுக்குப் பதிலா "நைலான் கம்பி கிட்டார், டிராப் டி ட்யூனிங், குரல் கிட்டத்தட்ட பேசுற மாதிரி"ன்னு எழுதுங்க (டிராப் டின்னா தடிச்ச ஆறாவது கம்பிய ஈ-ல இருந்து டி-க்கு இறக்குறது, அடியில கனம் கூடும்).

பின்னணின்னா உங்க பாட்ட மாத்துன விஷயம் மட்டும் போதும். பக்கத்து ரூம்ல ஆள் தூங்குறாங்கன்னு மெதுவா பாடிப் பழகி அதுவே ஸ்டைல் ஆயிடுச்சா, அத எழுதுங்க, வாங்குன டிகிரி வேணாம். பிடிச்ச ஆர்டிஸ்ட் பேரு ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு.

ஸ்பாட்டிஃபைல 1,500 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு, ஆனா நானா இருந்தா நூறு வார்த்தையில நிறுத்திடுவேன். எழுதி முடிச்சு சத்தமா படிங்க, மூச்சு வாங்குற எடத்துல வெட்டுங்க.