மும்பை ரிசர்வ் வங்கி மியூசியத்தைப் பின்னாலிருந்து முன்னால் பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

மும்பை ஃபோர்ட் பகுதியில் சர் பெரோஸ்ஷா மேத்தா சாலையில் அமர் பில்டிங் என்றொரு கட்டடம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகம் அங்கேதான். 2004 நவம்பரில் அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது திறந்துவைத்தது. போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பழங்காசுகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, கால் வலிக்க ஆரம்பித்ததும் கடைசியில் இருக்கும் ரிசர்வ் வங்கிப் பகுதியை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய மனக்குறை. நாட்டில் எத்தனையோ மியூசியங்களில் பழங்காசு பார்க்கலாம், ஆனால் மத்திய வங்கி என்றால் என்ன என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிற இடங்கள் ரொம்பக் குறைவு. அதனால் நான் சொல்லப்போவது தலைகீழ் வரிசை.

படி 1: கிளம்புவதற்கு முன்

திங்கட்கிழமையும் வங்கி விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். சர்ச்கேட், சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) இரண்டு ஸ்டேஷனிலிருந்தும் நடந்தே போய்விடலாம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், பெரிய பை வேண்டாம்.

பர்ஸில் ஒரு ஐந்நூறு, ஒரு நூறு, கிடைத்தால் ஒரு ரூபாய் நோட்டு ஒன்று, கொஞ்சம் சில்லறை. இவை கட்டாயம், ஏனென்றால் உங்கள் பாடப்புத்தகமே இதுதான். அப்புறம் ஒரு சின்ன நோட்டுப்புத்தகம், பென்சில். போனில் படம் எடுத்துக் குவிப்பதைவிட நாணயத்தைப் பார்த்துக் கையால் வரைவதுதான் நல்லது என்பது என் கட்சி. வரையும்போதுதான் எந்த எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே கண்ணில் படும்.

லென்ஸ் பற்றி ஒரு விஷயம். நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அதைப் பொருளிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால்தான் தெளிவாகத் தெரியும், காசோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதைவிடத் தள்ளி இருக்கும். அருகில் இருப்பதையும் ஃபோகஸ் செய்யக்கூடிய சின்ன மோனோகுலர் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் அதுதான் சரியான கருவி. இல்லையென்றால் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கும் சாதாரணப் பூதக்கண்ணாடி போதும். கண்ணாடியில் விளக்கு பளிச்சிட்டால் நேரே நிற்காமல் பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்து பாருங்கள்.

படி 2: முதலில் உங்கள் நோட்டைப் படியுங்கள்

உள்ளே போவதற்கு முன்பே இதை முடித்துவிடலாம். ஐந்நூறு ரூபாய் நோட்டின் முன்பக்கத்தில், இதை வைத்திருப்பவருக்கு ஐந்நூறு ரூபாய் தர உறுதியளிக்கிறேன் என்று ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்தோடு இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பின்பக்கத்தில் பதினைந்து மொழிகள் கொண்ட பட்டி. தமிழ் கீழிருந்து மூன்றாவது. அதே பக்கத்தில் அச்சான ஆண்டும் இருக்கும். முன்பக்க ஓரத்தைத் தடவிப் பார்த்தால் ஐந்நூறில் ஐந்து கோடுகளும் நூறில் நான்கும் விரலில் இடறும். பார்வையில்லாதவர்கள் நோட்டை அடையாளம் காண்பதற்காகப் புடைப்பாக அச்சிட்டவை. ஐந்நூறில் ஒரு வட்டமும் நூறில் ஒரு முக்கோணமும் அப்படியே.

சரி, இப்போது ஒரு ரூபாய் நோட்டை எடுங்கள். அதில் இந்திய அரசு என்றுதான் இருக்கும். கையெழுத்து நிதித்துறைச் செயலாளருடையது. ‘தருகிறேன்’ என்ற வாக்குறுதியே கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால், ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் கேட்க உங்களிடம் ஒரு கேள்வி இருக்கும்: இதற்கு யார் பொறுப்பு?

படி 3: நேராக ரிசர்வ் வங்கிப் பகுதிக்கு

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். உங்கள் பர்ஸில் இருக்கும் நோட்டு உங்களுக்குச் சொத்து. ரிசர்வ் வங்கியின் கணக்கில் அதே நோட்டு ஒரு கடன். புழக்கத்தில் இருக்கும் நோட்டு முழுவதும் அவர்கள் புத்தகத்தில் பொறுப்புகள் பக்கம் ஏறும், அதற்கு எதிர்ப்பக்கம் அதே அளவுக்குத் தங்கம், வெளிநாட்டுக் கடன்பத்திரங்கள், இந்திய அரசின் கடன்பத்திரங்கள் நிற்க வேண்டும். ‘அரசாங்கம் வேண்டிய அளவு அச்சடித்துக்கொள்ள வேண்டியதுதானே?’ என்ற கேள்விக்கான பதில் இந்த இரண்டு பக்கக் கணக்கில்தான் தொடங்குகிறது. நோட்டு அச்சடிக்கும்போது கூடவே ஒரு கடமையும் பிறக்கிறது.

எவ்வளவு தங்கம் வேண்டும்? 1935 ஏப்ரல் 1 அன்று வங்கி தொடங்கியபோது நோட்டு மதிப்பில் 40 சதவீதம் தங்கமாகவோ ஸ்டெர்லிங் (பிரிட்டிஷ் பவுண்டு) பத்திரமாகவோ இருக்க வேண்டும் என்று விதி. 1950களின் நடுவில் ஐந்தாண்டுத் திட்டங்களுக்குப் பணத்தேவை கூடியதும் அந்த விகிதத்தைக் கைவிட்டுவிட்டு, மொத்தம் 200 கோடி ரூபாய், அதில் தங்கம் 115 கோடிக்குக் குறையக்கூடாது என்று ஒரு குறைந்தபட்ச அளவை வைத்தார்கள். நோட்டு எவ்வளவு பெருகினாலும் இந்த எண் அசையாது. அப்படியென்றால் நோட்டின் மதிப்பைக் காப்பது தங்கக் குவியல் இல்லை, எவ்வளவு பணம் புழங்கலாம் என்று வங்கி எடுக்கும் முடிவுதான். இது பிடிபடும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள், அடுத்ததெல்லாம் தானாகப் புரியும்.

படி 4: காகிதப் பணப் பகுதி

ரிசர்வ் வங்கி வெளியிட்ட முதல் நோட்டு 1938 ஜனவரியில் வந்த ஐந்து ரூபாய். பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் படம், கவர்னர் ஜேம்ஸ் டெய்லர் கையெழுத்து. முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித், ஆனால் அவர் கையெழுத்தோடு ஒரு நோட்டுகூடக் கிடையாது. அதே 1938ல் பத்தாயிரம் ரூபாய் நோட்டும் வந்தது. 1946ல் செல்லாமல் ஆக்கப்பட்டது, 1954ல் திரும்ப வந்தது, 1978ல் மறுபடியும் போனது. 2016 நவம்பரை நேரில் அனுபவித்தவர்கள் இந்த வரிசைக்கு முன்னால் கொஞ்சம் நிற்பார்கள்.

அதற்கு முன்னால் போனால் 1861ன் காகிதப் பணச் சட்டம், நோட்டு வெளியிடும் உரிமையை அரசுக்கு மட்டும் கொடுத்தது. அந்தச் சட்டம் வருவதற்கு முன் வங்காளம், பம்பாய், மதராஸ் மாகாண வங்கிகள் தனித்தனியாக நோட்டு போட்டுக்கொண்டிருந்தன. விக்டோரியா காலத்து அரசு நோட்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் அச்சு, பின்பக்கம் வெறும் வெள்ளை. அந்தக் காலத்து நோட்டுகள் சில நடுவில் வெட்டி ஒட்டினது போல இருக்கும். கிழிசல் என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். தபாலில் பணம் அனுப்புகிறவர்கள் திருட்டுக்குப் பயந்து நோட்டை இரண்டாக வெட்டி, முதல் பாதி போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தபின் மறுபாதியை அனுப்புவார்கள். அப்படிச் சேர்ந்த நோட்டுகள் அவை. எனக்கு இந்த மியூசிய வகையிலேயே மிகப் பிடித்த பொருள் இதுதான், ஊர் பேர் தெரியாத ஒரு வியாபாரியின் கவலை அந்த வெட்டில் தெரிகிறது.

1918ல் வந்த இரண்டரை ரூபாய் நோட்டையும் தேடிப் பாருங்கள். இரண்டு ரூபாய் எட்டணா. பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு தெரிந்தால்தான் இப்படி ஒரு நோட்டு ஏன் வந்தது என்று புரியும். நூறு பைசா ஒரு ரூபாய் என்ற தசமக் கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது.

படி 5: கடைசியாகக் காசுகள்

இங்கே எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம், மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, முத்திரைக் காசு. ஏறத்தாழ 3.4 கிராம் வெள்ளித் துண்டு, அதில் சூரியன் முதலான சின்னங்களைத் தனித்தனி அச்சால் அடித்திருப்பார்கள். ஒரு சின்னம் ஓரத்தில் பாதி வெளியே போயிருக்கும், இன்னொன்றின் மேல் மற்றொன்று ஏறியிருக்கும். இரண்டு, பதினாறாம் நூற்றாண்டில் டெல்லியை ஆண்ட ஷேர் ஷா சூரியின் வெள்ளி ரூபாய், 11.5 கிராமை ஒட்டிய எடை. நம் ரூபாயின் வம்சம் இங்கே தொடங்குகிறது. மூன்று, சோழர் காசு. ராஜராஜன் வகையில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் பெயர். தமிழ் எழுத்தைத் தேடினால் கிடைக்காது, பெயர் நாகரி எழுத்தில் இருக்கும்.

இவற்றில் வாக்குறுதி எதுவும் கிடையாது, உலோகத்தின் எடையும் அடித்தவரின் அடையாளமும்தான். படி 3ல் பார்த்த கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பின்னால் சேர்த்தது: இதைப் படித்துவிட்டுப் போன சிலர், இன்றைய காசுக்கு யார் பொறுப்பு என்று அங்கே குழம்பியதாகச் சொன்னார்கள். நாணயங்களை அடிப்பது இந்திய அரசு, புழக்கத்தில் விடுவது ரிசர்வ் வங்கி வழியாக. உங்கள் சில்லறையில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள்: வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. உங்கள் கையில் இருக்கும் காசுக்குப் பத்து மடங்கு லென்ஸ் தாராளமாக உதவும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் இந்தக் குறி தேடுவதிலிருந்து தொடங்கினால் நல்லது, படி 3ஐப் பெரியவர்கள் மாறிமாறிப் பார்த்துக்கொள்ளலாம். மும்பை தூரம் என்பவர்களுக்கு, கொல்கத்தாவில் கவுன்சில் ஹவுஸ் தெருவில் ரிசர்வ் வங்கியின் இன்னொரு மியூசியம் 2019லிருந்து இருக்கிறது. சென்னைக்காரர்கள் படி 5ஐ மட்டும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் செய்யலாம், அங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை.