கணைய அழற்சிக்காரரின் மரபணு ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

நான் மரபணு ஆலோசகர். நெட்டில் தேடிப் பயந்துபோய் வருபவர்களோடு உட்கார்ந்து ரிப்போர்ட்டை வரிவரியாகப் படிப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. நாள்பட்ட கணைய அழற்சி ஏற்கெனவே இருக்கும், இப்போது மரபணு மாற்றமும் தெரிந்திருக்கும். "அப்போ கேன்சர் வந்துடுமா?" என்றுதான் பேச்சே தொடங்கும்.

மாற்றத்தின் பெயருக்குப் போகும் முன், சோதனைக்கு ரத்தமா, எச்சிலா, திசுவா, எதை எடுத்தார்கள் என்று பாருங்கள். முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. பரம்பரை நோய்க்கான சோதனை ரத்தத்திலோ எச்சிலிலோ செய்யப்படும். அதில் தெரிவது பெரும்பாலும் பிறவியிலேயே வந்த மாற்றம், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கலாம். கணைய நீரிலோ திசுவிலோ மட்டும் தெரிந்தால், அது அந்த இடத்துச் செல்களில் பிற்பாடு உண்டானதாக இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மேற்கொண்டு படிப்பதெல்லாம் தப்பாகிவிடும்.

முதலில் பிறவி மாற்றங்கள். பிஆர்எஸ்எஸ்1 மரபணுவில் 'ஆர்122ஹெச்' என்று இருந்தால் கவனம் தேவை. டிரிப்சின் என்ற செரிமான நொதி கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால், 122ஆம் இடத்தில் வெட்டுப்பட்டு அடங்க வேண்டும். இந்த மாற்றத்தில் அந்த வெட்டு விழாது, அதனால் அழற்சி திரும்பத் திரும்ப வரும். 1997இல் வந்த ஆய்வு ஒன்று, பரம்பரைக் கணைய அழற்சி உள்ளவர்களுக்கு 70 வயதுக்குள் கேன்சர் வரும் வாய்ப்பை 40 சதவீதம் என்றது. பின்னால் வந்த ஆய்வுகளில் எண்கள் வேறுபட்டன, சிலவற்றில் அது கணிசமாகக் குறைவு. நெட்டில் இன்னும் பழைய எண்தான் சுற்றுகிறது. இவர்கள் சிகரெட் பிடித்தால் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், கேன்சரும் பல வருடம் முன்னதாகவே வரும். அதனால் சிகரெட்டைப் பற்றி மட்டும் நான் தயவு பார்க்காமல் பேசுவேன்.

ஸ்பின்க்1 மரபணுவின் 'என்34எஸ்' வேறு கதை. ஆரோக்கியமானவர்கள் நூறு பேரில் ஓரிருவருக்கு அது இருக்கும், பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. பிஆர்சிஏ2, ஏடிஎம், பிஏஎல்பி2 போன்ற மரபணுக்களின் மாற்றங்கள் அழற்சியே இல்லாமல் கேன்சர் அபாயத்தைக் கூட்டுபவை. கணைய அழற்சிக்கான பேனலில், அதாவது ஒன்றாகச் சோதிக்கும் மரபணுக்களின் பட்டியலில், இவை பல நேரம் இருக்காது. குடும்பத்தில் கணையம், மார்பகம், சினைப்பை என்று கேன்சர் வந்திருந்தால், இவற்றையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது, செல்களில் பிற்பாடு உண்டாகும் மாற்றங்கள். முக்கியமானது கேராஸ் மரபணுவில் வருவது. கணையக் கேன்சர்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த மாற்றம் இருக்கும் என்பது உண்மை. ஆனால் கேன்சர் இல்லாத நாள்பட்ட அழற்சியிலும் இது தென்படும். அதனால் கணைய நீரில் கேராஸ் மட்டும் தெரிந்தால் அது கேன்சர் என்று அர்த்தமில்லை. கூடவே டிபி53, எஸ்எம்ஏடி4 மரபணுக்களில் மாற்றங்களும் இருந்தால் சந்தேகம் கூடும், டாக்டர் ஸ்கேன்களைத் தள்ளிப்போட மாட்டார்.

'முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்' என்று எழுதியிருந்தால், அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஓரிரு வருடம் கழித்து வகைப்பாடு மாறியிருக்கிறதா என்று லேபிடம் கேட்டால் போதும்.

சரி, கண்காணிப்பு? பரம்பரைக் கணைய அழற்சி என்று உறுதியானால் 40 வயதில், அல்லது முதல் வலி வந்து 20 வருடம் ஆனதும், எம்ஆர்ஐ போன்ற ஸ்கேன்களைத் தொடங்கும்படி நிபுணர்கள் சொல்கிறார்கள். கணையத்தில் கல் நிறைய இருந்தால் எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்டில் கட்டியைப் பிரித்தறிவது கஷ்டம். கணையக் கேன்சருக்காகப் பார்க்கும் சிஏ 19-9 ரத்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள், மஞ்சள் காமாலையிலும் அது ஏறும். புதிதாகச் சர்க்கரை நோய், காரணமில்லாத எடைக்குறைவு, மஞ்சள் காமாலை, இவற்றில் எது வந்தாலும் ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்று சும்மா இருக்க வேண்டாம்.

அப்புறம், தம்பிக்கோ மகளுக்கோ சோதிக்க நினைத்தால் உங்கள் ரிப்போர்ட்டின் நகலை லேபில் கொடுத்து, அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடச் சொல்லுங்கள். பொதுவாக முழு பேனலுக்கும் பணம் கட்டத் தேவையிருக்காது.